லிப்ஸ்டிக் பாம் வெள்ளவத்தை பல்கனியில் ஏன் கருகுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்துரைக்கிறேன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி வீடொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கும் நீங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிவந்த மட்டைகளைக் கொண்ட ஒரு மெல்லிய அலங்காரப் பனையை வாங்கிச் சீமெந்துச் சாடியில் நட்டிருக்கிறீர்கள். இப்போது பழைய ஓலைகளின் நுனி கருகுகிறது. புதிய குருத்து வெளிறி மஞ்சளாக விரிகிறது. முன்பிருந்த சிவப்பும் மங்கிவிட்டது. அதைக் காப்பாற்றுவது எப்படி என்றும், அடியில் முளைத்துள்ள பக்கக்கன்றுகளில் ஒன்றைப் பிரித்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாடிக்குத் தொடர்மாடியின் குழாய்க்கிணற்று நீரையே ஊற்றி வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் பெரிதும் உதவியது.

உங்களிடம் இருப்பது எந்த மரம் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம். கொழும்பு வீட்டு வளவுகளில் புதராக வளரும் மெல்லிய பனைகளில் மிகுதியாகக் காணப்படுவது மக்கார்தர் பாம். அதன் பழங்கள் கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்த் தொங்குவதால் அதையும் சிலர் ‘ரெட் பாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதன் மட்டை உறை பச்சை நிறமானது. ஓலைக் கீற்றுகளின் நுனி யாரோ கடித்து எடுத்ததுபோல் ஒழுங்கற்று முடியும். ‘அரேக்கா பாம்’ என்று விற்கப்படும் மற்றொன்றின் தண்டும் காம்பும் பொன்மஞ்சளாக இருக்கும். உங்களுடையதில் மட்டை உறையும் ஓலைக்காம்பும் பளிச்சென்ற சிவப்பாக இருந்தன என்று நீங்கள் சொல்வதால், அது லிப்ஸ்டிக் பாம் என்பதில் ஐயமில்லை. அதன் தாவரவியற் பெயர் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. ஒல்லாந்த அரசின் கீழ்ப் பணியாற்றிய கார்ல் லுட்விக் புளூம் என்ற தாவரவியலாளர் 1838இல் இதற்கு அந்தப் பெயரை இட்டார். பின்னர் இத்தாலியரான பெக்காரி ‘லக்கா’ என்ற மற்றொரு பெயரையும் சூட்டினார். இன்று அது தனி இனமாகக் கொள்ளப்படுவதில்லை என்றாலும், பழைய நூல்களில் அந்தப் பெயரே இருக்கும். கடித உறைகளுக்கும் பொதிகளுக்கும் முத்திரையிட உருக்கி ஊற்றும் அரக்கின் நிறத்தை வைத்தே ஆங்கிலேயர் இதற்குச் ‘சீலிங் வாக்ஸ் பாம்’ என்று பெயரிட்டார்கள். ‘அரக்குக் கமுகு’ என்று தமிழில் சொன்னால் எல்லாவகையிலும் பொருந்தும். கமுகைப் போலவே ஒல்லியான, கணுக்கணுவாக வளையமிட்ட தண்டு இதற்கும் உண்டு. மலாய் மொழியிலும் இதைப் ‘பினாங் ராஜா’, அதாவது அரசகமுகு, என்றே அழைக்கிறார்கள். ‘செம்பனை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மலேசியத் தமிழர் எண்ணெய்ப் பனையைத்தான் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இந்த மரத்தைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாயின், இது சேற்றுநிலத்தில் பிறந்த மரம் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். தென்தாய்லாந்து, மலாயத் தீபகற்பம், சுமாத்திரா, போர்ணியோ ஆகிய இடங்களின் கரிச்சேற்றுக் காடுகளிலும் அவற்றை அடுத்த தாழ்நிலங்களிலும் இது இயற்கையாக வளர்கிறது. இந்தப் பேரினத்தின் மற்றைய இனங்கள் எல்லாம் நியூகினியிலும் அதற்குக் கிழக்கேயுள்ள தீவுகளிலும் இருக்க, இது ஒன்று மட்டும் மேற்கே தனித்து நிற்கிறது. சுமாத்திராவின் ஜம்பி மாகாணம் இதைத் தனது அடையாளத் தாவரமாகக் கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் தாவரவியற் பூங்காவின் சின்னத்திலும் இதுவே இடம்பெற்றுள்ளது.

கரிச்சேற்றுக் காட்டில் நிலம் என்பதே பாதி மக்கிய இலை, மரத்தூள், வேர் ஆகியவற்றின் ஆழமான அடுக்குதான். அதில் தேங்கும் நீர் பிளேன்ரீ நிறத்தில் இருக்கும், அமிலத்தன்மை மிகுந்திருக்கும், மழையிலிருந்து வருவதால் அதில் உப்போ சுண்ணாம்போ அநேகமாக இராது. இந்த நீரில் நின்றபடியே வாழ்வதற்கு ஏற்றவாறு, மேல்நோக்கி எழுந்து காற்றை உள்ளெடுக்கும் சுவாச வேர்களும் இம்மரத்துக்கு உண்டு. ஆகவே இதற்கு வேண்டியவை நான்கு: ஓயாத ஈரம், புளிப்பான மண், உப்பற்ற நீர், ஈரப்பதமுள்ள சூடான காற்று. கொழும்பில் இவற்றுள் கடைசியானது இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்யும், குளிர் என்பதையே அறியாத, 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கையான ராம்சரின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரமும் பெற்ற ஒரு நகரம் இந்த மரத்துக்குத் தாய்வீடு போன்றது. கொட்டாவ, தலங்கம, கொலன்னாவ போன்ற பகுதிகளில் தாழ்ந்த ஈரவளவுகளில் எவ்வித பராமரிப்புமின்றி இது செழித்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அதே நகரத்தில் மூன்றாம் மாடிச் சீமெந்துச் சாடியில் அது வாடுகிறது என்றால், மற்றைய மூன்றும் அதற்குக் கிடைக்கவில்லை என்பதே பொருள்.

குருத்து மஞ்சளாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். பனைக்குடும்பத்தில் நோயைக் கண்டறிய, எந்த ஓலை முதலில் பாதிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய ஓலையில் தொடங்கினால் பெரும்பாலும் பொற்றாசியம் அல்லது மகனீசியக் குறைபாடு. ஏனெனில் மரம் அந்தச் சத்துகளை முதிய ஓலையிலிருந்து இளைய ஓலைக்கு எடுத்துச் செல்லக்கூடியது. புதிய குருத்தில் தொடங்கினால் இரும்பு அல்லது மங்கனீசுக் குறைபாடு. அவற்றை மரத்தால் அவ்வாறு இடம்மாற்ற முடியாது. உங்கள் மரத்தில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் குருத்து விரிகிறது என்பது இரும்பு எட்டாத அறிகுறி. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சுண்ணாம்பு சேர்ந்து மண்ணின் புளிப்புத் தன்மை போய்விட்டால், இருக்கும் இரும்பும் வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும்.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சாடியிலிருந்துதான். புதிய சீமெந்துச் சாடி நீர் படும்போதெல்லாம் சுண்ணாம்பைக் கசியவிடும். சாடியின் வெளிப்புறத்தில் ஈரம் காய்ந்த இடங்களில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகத்தால் சுரண்டினால் அது மாப்போல உதிரும். அதில் சிறிது எடுத்து ஒரு தட்டில் வைத்து இரண்டு துளி வினாகிரி விட்டுப்பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் அது சுண்ணாம்பு. சாடியின் நடுவிலிருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்துக் காயவைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். அதுவும் நுரைத்தால், மண்ணிலேயே கட்டட இடிபாடு கலந்திருக்கிறது. கொழும்பில் மண் என்று சாக்கில் கட்டிக் கொடுக்கப்படுவதில் சாந்தும் செங்கல் துகளும் கலந்திருப்பது புதிதல்ல. இதே காரணத்தால், நிரப்பப்பட்ட வயல்நிலங்களில் புது வீடு கட்டி மதிலோரமாக இந்த மரத்தை நடுபவர்களுக்கும் குருத்து மஞ்சளாகிறது.

இத்தகைய நிலையில் கடையில் விற்கும் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து ஊற்றினால் ஓரிரு வாரம் பச்சை திரும்பும். பிறகு அந்த இரும்பும் சுண்ணாம்பில் சிக்கிப் பயனற்றதாகும். சாடியையும் மண்ணையும் மாற்றுவதே நிலையான வழி.

நுனி கருகுவது வேறு கதை. அது உப்பினாலும் வறட்சியினாலும் வருவது. கடலோரத்தை ஒட்டிய குழாய்க்கிணறுகளின் நீரில் உப்புக் கூடுதலாக இருப்பது வழக்கம். வாயில் வைத்தால் கரிக்காத நீர்கூட இந்த மரத்துக்கு மிகையாகலாம். வேர் நீரை உறிஞ்ச, உப்பு மண்ணிலும் ஓலை நுனியிலும் தங்கிச் சேர்கிறது. அத்துடன் உங்கள் பல்கனி மேற்குப் பார்த்தது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்று கடலின் உப்புத் திவலைகளை நேராக ஓலைமேல் கொண்டுவந்து படியவிடும். தென்னை அதைப் பொருட்படுத்தாது. லிப்ஸ்டிக் பாம் தாங்காது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்புறமாக இந்த மரம் நன்றாக நிற்பதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அப்படி நின்றதும் உயர்ந்த கட்டடத்தின் மறைவில்தான் நின்றது. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே, தெருப்பக்கமாக ஒரு சிறு பல்கனியோ, கீழே வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் திறந்த இடமோ இருந்தால் மரத்தை அங்கே மாற்றுங்கள். அப்படியொரு இடம் இல்லையென்றால், இந்த மரத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை என்பதை மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சாடியை மாற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாய் அகலம் 45 சென்ரிமீற்றர் அளவான பிளாஸ்டிக் சாடி போதும். மண்கலவைக்கு நான் பயன்படுத்துவது, நான்கு பங்கு தும்புச்சோறு, மூன்று பங்கு நன்கு மக்கிய இலைக் கூட்டெரு, இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு சிறிதாக வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டுகள். தும்புச்சோற்றை வாங்கியவுடன் அப்படியே போடக்கூடாது. தேங்காய் மட்டையிலேயே இயற்கையாக உப்பு உண்டு. மட்டை உவர்நீரில் ஊறியிருந்தால் அது இன்னும் கூடும். ஒரு வாளியில் இட்டு நல்ல நீர் ஊற்றி ஒருநாள் ஊறவைத்துப் பிழிந்து, மீண்டும் நீர் ஊற்றி, மூன்று தடவையேனும் அலசுங்கள். முதல் அலசலில் வரும் நீர் கடும் பழுப்பாக இருக்கும், மூன்றாவதில் வெளிறிவிடும். வாங்கும் கூட்டெருவில் சாம்பலோ சுண்ணாம்போ கலக்கப்படவில்லை என்று கேட்டறியுங்கள். கடல்மணலைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மரத்தை எடுக்கும்போது வேர்க்கட்டியை உடைக்காதீர்கள். பழைய மண்ணை முழுவதும் கழுவி அகற்றிவிட வேண்டும் என்ற ஆசை வரும். பனைவகை மரங்களில் வேர் அறுபட்டால் பல வேளைகளில் அது மீண்டும் கிளைப்பதில்லை. தண்டின் அடியிலிருந்து புதிய வேர் வர வேண்டியிருக்கும். அதற்குள் ஓலைகள் காய்ந்துவிடும். எனவே தளர்வாகத் தானே உதிரும் மண்ணை மட்டும் அகற்றி, கட்டியோடு புதிய சாடியில் வைத்து, சுற்றிலும் கலவையை நிரப்புங்கள். முன்பிருந்த மண்மட்டத்துக்கு மேலே தண்டு புதையக்கூடாது. நட்ட பின் மழைநீரை அல்லது பைப் தண்ணீரை (குழாய்க்கிணற்று நீரை அல்ல) சாடியின் அடியால் தாராளமாக வெளியேறும்வரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் அவ்வாறே ஊற்றினால், கட்டிக்குள் தங்கிய உப்பில் பெரும்பகுதி கழுவுண்டு போகும். பைப் தண்ணீரிலுள்ள குளோரினுக்குப் பலர் அஞ்சுகிறார்கள். அது இந்த மரத்தைப் பெரிதாகத் தாக்குவதில்லை. விரும்பினால் இரவு முழுவதும் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். பல்கனியில் ஒரு பீப்பாயை வைத்து மழைநீரைச் சேமிக்க வழியிருந்தால் அதைவிடச் சிறந்த நீர் வேறில்லை.

‘சேற்றுமரம்’ என்றால் சாடியை எப்போதும் நீர் நிறைந்த தட்டில் நிற்கவைக்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். மரத்துக்கு அது பிடிக்கும். ஆனால் கொழும்பில் திறந்த தட்டில் நீர் தேங்கவிடுவது டெங்கு நுளம்புக்கு இடம் கொடுப்பதாகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்குப் பதிவதும் உண்டு. அதைவிடப் பெரிய விடயம், உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே ஆழமான ஒரு தட்டை எடுத்து, விளிம்புவரை பருமணலை நிரப்பி, அதன்மேல் சாடியை வையுங்கள். நீர் மணலுக்குள் நிற்கும். மேலே திறந்த நீர் இராது. வாரம் ஒருமுறை மணற்பரப்பைப் பார்த்து, நீர் மேலே எட்டியிருந்தால் வடித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மணலைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். ஏனெனில் டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பின் முட்டை, காய்ந்த பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியபடி பல மாதங்கள் உயிரோடிருக்கும். வளவில் சிறு தடாகம் உள்ளவர்கள் அதில் கப்பி மீன்களை விட்டு, தடாகத்தின் ஓரச் சேற்றிலேயே இந்த மரத்தை நடலாம். நான் பார்த்த மிக அழகான புதர் ஒன்று அப்படித்தான் நின்றது. சிவந்த தண்டுகள் நீரில் நிழலாடின.

பசளையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் மிகையே பெருந்தீங்கு. தென்னைக்கென விற்கும் கலவையில் பொற்றாசியம் மிகுந்திருப்பதால் அது இதற்கும் பொருந்தும்; ஆனால் சாடிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் ஈரமண்ணில்தான். பழைய ஓலையின் ஓரம் மஞ்சளாகி நடுப்பகுதி மட்டும் பச்சையாக இருந்தால் மகனீசியம் குறைவு. தென்னைக்குச் செய்வதுபோல் டொலமைட் இடக் கை நீளும். அதைச் செய்யவே செய்யாதீர்கள், டொலமைட்டும் சுண்ணாம்புக் கல்தான். எப்சம் உப்பை ஒரு லீற்றர் நீருக்கு அரைத் தேக்கரண்டி வீதம் கரைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். சாடி மாற்றிய முதல் மூன்று மாதங்களுக்குப் பசளை எதுவும் வேண்டாம். நுனி கருகிய பழைய ஓலைகளை அழகுக்காக வெட்டிவிடவும் வேண்டாம்; அவற்றிலிருந்துதான் மரம் பொற்றாசியத்தை எடுத்துப் புதிய ஓலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. முழுவதும் காய்ந்து பழுப்பான பின் அவை தாமாகவே கழன்றுவிடும்.

சிவப்பு மங்கியதற்குக் காரணம் இருவகைப்படலாம். மரம் நலிந்திருப்பது ஒன்று, வெளிச்சக்குறைவு மற்றொன்று. நிழலில் வளரும் மரத்தில் மட்டை உறை செம்பச்சையாகவோ ஆரஞ்சாகவோ தங்கிவிடும். காலை வெயில் நான்கு மணி நேரமேனும் நேராகப் படும் இடம் சாடிமரத்துக்கு ஏற்றது. நிலத்தில் வேரூன்றி, ஈரமும் குறையாதிருந்தால் முழுநாள் வெயிலையும் அது தாங்கும். அப்போதுதான் நிறம் உச்சத்தை அடையும். ஆனால் நிழலில் இருந்ததை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் ஓலை வெந்துவிடும். மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். நலமுள்ள மரத்தில் ஒரு முதிர்ந்த மட்டை கழலும் நாளைக் கவனித்துப் பாருங்கள். கமுகமட்டை கழல்வதுபோலவே அது அடியில் பிளந்து, சில நாள் தொங்கி, பின் விழும். அது மூடியிருந்த உள்மட்டை, ஈரம் மாறாத புது அரக்குப் போல, விரல் வைத்தால் கறைபடுமோ என்று தயங்கும் அளவுக்குப் பளபளத்துக்கொண்டு வெளிப்படும். அந்தக் காட்சிக்காகவே பல ஆண்டுகள் பொறுமையோடு இந்த மரத்தை வளர்க்கலாம் என்பது என் எண்ணம்.

பூச்சிகள் உங்கள் மரத்தில் இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னாளில் ஓலையின் அடியில் வெண்பஞ்சு போல மாப்பூச்சியோ, அண்மைய ஆண்டுகளில் தென்னைகளை வாட்டும் வெள்ளை ஈயோ ஒட்டினால், மென்மையான சவர்க்காரக் கரைசலால் ஓலையடியைத் துடைத்து நீரால் கழுவுங்கள். ஒரு சாடிமரத்துக்கு நஞ்சு தெளிக்க வேண்டிய தேவை இல்லை.

அடுத்து, கன்று பிரிப்பது. நேராகச் சொல்வதாயின், இப்போது வேண்டாம். என் அனுபவத்தைக் கூறுகிறேன். தெகிவளையில் எங்கள் வீட்டு வளவில் நின்ற எட்டுத் தண்டுப் புதரிலிருந்து, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதத்தில், மூன்று கன்றுகளைத் தோண்டி எடுத்தேன். வாழைக்கன்று எடுப்பதுபோல எடுத்து, மண்ணைக் கழுவி, தனித்தனிச் சாடிகளில் நட்டேன். ஐந்து வாரங்களுக்குள் மூன்றும் குருத்துவரை காய்ந்துபோயின. தவறு இரண்டு இருந்தன. மழையற்ற மாதம் என்பது முதலாவது. கன்றுக்குச் சொந்த வேர் இருக்கிறதா என்று பார்க்காதது இரண்டாவது. இந்த மரத்தின் கன்று, தாயின் அடித்தண்டோடு இஞ்சிக்கிழங்கின் விரல்கள் ஒட்டியிருப்பதுபோலக் குறுகிய கட்டைத்தண்டால் இணைந்திருக்கும். மூன்று நான்கு ஓலைகள் விடும்வரை தாயின் வேரையே அது நம்பியிருக்கும். அதற்கு முன் பிரித்தால் பிழைக்காது.

அடுத்த தடவை வேறு முறையைக் கையாண்டேன். மே மாத மழை நன்றாகப் பிடித்த பின், இடுப்பளவு உயர்ந்த மூன்று கன்றுகளைத் தேர்ந்து, இணைப்புத் தண்டைச் சிறு கைவாளால் அறுத்து, கன்றை அசைக்காமல் அதே இடத்திலேயே விட்டுவிட்டேன். அடியைச் சுற்றி அலசிய தும்புச்சோற்றைக் குவித்து, நனைந்தபடியே வைத்திருந்தேன். தாயிடமிருந்து நீர் வராததால் கன்று தன் அடியிலிருந்து புதிய வேர்களை விடத் தொடங்கும். ஒக்டோபரில் குவியலை விரலால் விலக்கிப் பார்த்தபோது, பென்சில் தடிப்பில், வெளிர்சிவப்பு நுனியோடு புதுவேர்கள் தெரிந்தன. அதன் பின்னரே மண்கட்டியோடு தோண்டி, ஓலைகளில் பாதியை வெட்டி, நிழலில் வைத்தேன். மூன்றில் இரண்டு பிழைத்தன. இன்று அவை தனித்தனிப் புதர்களாக நிற்கின்றன. தரையிலிருந்து சற்று உயரத்தில் கன்று கிளைத்திருந்தால், அதன் அடியை ஈரத்தும்பால் சுற்றிப் பொலித்தீன் கட்டி வேர்விடச் செய்தும் பிரிக்கலாம். உங்கள் மரமோ இரண்டு ஆண்டுச் சாடிமரம், அதுவும் நலிந்திருப்பது. இப்போது வாளை வைத்தால் தாயும் போகும், கன்றும் போகும்.

விதையிலிருந்து வளர்ப்பது பிரிப்பதைவிட நம்பகமானது, ஆனால் மிகுந்த பொறுமை வேண்டும். முதிர்ந்த புதரில் சிவந்த காம்புகளில் கறுப்பு நிறச் சிறு பழங்கள் தோன்றும். சதையைத் தேய்த்து நீக்கி, ஓரிரு நாளுக்குள் விதைக்க வேண்டும். மழைக்காட்டுப் பனைகளின் விதை காய்ந்தால் உயிரிழந்துவிடும். அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் பெட்டியில் ஈரத்தும்புச்சோற்றை நிரப்பி விதைத்து, மேலே பொலித்தீன் கட்டி, நேர்வெயில் படாத வெப்பமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் சில முளைக்கும். மற்றவை அதற்குப் பின்னரும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும், எனவே பெட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். முதல் ஓலை மீன்வால் போல இரண்டாகப் பிளந்து, வெறும் பச்சையாக வரும். என் நாற்றுகளில் மூன்றாம் ஆண்டில்தான் சிவப்பு எட்டிப்பார்த்தது. இந்த மரம் மற்றைய அலங்காரப் பனைகளைவிட விலை கூடியதாக இருப்பதற்கும் இந்த மெதுவான வளர்ச்சியே காரணம்.

அம்மாவுக்கு அனுப்பும் விடயத்தில், கன்று கைவசம் இருந்தாலும் நான் வேண்டாமென்றே சொல்வேன். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவை விடும் கடினநீர். மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்துவிட, பின்வரும் நீண்ட மாதங்கள் வறட்சியாகக் கழியும். மே தொடங்கி வீசும் சோளகக் காற்று மெல்லிய ஓலையை உலர்த்திவிடும். உங்கள் பல்கனியில் சீமெந்துச் சாடியும் குழாய்க்கிணறும் செய்ததை அங்கே நிலமே செய்யும். அம்மா நாள்தோறும் நீர் ஊற்றியும் மரம் மஞ்சளாகிக்கொண்டே போனால் அவர் தன் கையில்தான் பிழை என்று வருந்துவார்.

அவருக்குச் சிவப்பு நிறம்தான் பிடிக்கும் என்றால் மணிலா பாம் ஒன்றை அனுப்புங்கள். பிலிப்பீன்சின் பலவான் தீவில் சுண்ணாம்புக் குன்றுகளிலேயே இயற்கையாக வளரும் மரம் அது. ஒற்றைத் தண்டோடு ஒடுங்கி உயர்ந்து, ஆண்டு இறுதியில் பளபளக்கும் சிவப்புப் பழக்கொத்துகளைத் தரும். அதனால் அதற்கு நத்தார்ப் பனை என்ற பெயரும் உண்டு. உப்புக்காற்றையும் அது ஓரளவு தாங்கும். பத்தரமுல்லைப் பக்கம் வீதியோர நாற்றுமேடைகளில் தேடினால் கிடைக்கும். உங்கள் கடற்பக்கப் பல்கனியில் லிப்ஸ்டிக் பாம் நின்ற இடத்துக்கும் அதுவே பொருத்தமானது.

இடையில் ஒன்றைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. நம் நாட்டுக்கே உரிய மெல்லிய சேற்றுநிலக் கமுகு ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் லென்தெரி என்பார்கள். பேராதனைப் பூங்காவை நெடுங்காலம் நிர்வகித்த துவைட்ஸ் 1864இல் அதை அரேக்கா கொன்சின்னா என்ற பெயரில் விவரித்தார். தென்மேற்கு ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளில் மட்டும் எஞ்சியிருக்கும் அந்த மரத்துக்கும் இதே ஈரமும் புளிப்பு மண்ணும் வேண்டும். நிழலை அது இன்னும் கூடுதலாக விரும்பும். அதைக் காட்டிலிருந்து தோண்டி வந்ததாக யாராவது விற்க முன்வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். முறையாக விதையிலிருந்து வளர்த்த கன்று கிடைத்தால் மட்டும் வாங்கி, உங்கள் தெருப்பக்க நிழலில் வைத்துப் பாருங்கள்.

இப்போது மார்ச் மாதம். வெயில் கடுமையாக இருக்கும் இந்த வாரங்களில் சாடியை மாற்றாமல், மரத்தை மட்டும் கடற்காற்றிலிருந்து எடுத்துத் தெருப்பக்கம் வையுங்கள். குழாய்க்கிணற்று நீரை இன்றோடு நிறுத்துங்கள். மாலை மழை தொடங்கும் ஏப்ரல் நடுப்பகுதியில், புத்தாண்டு கழிந்து, சாடியை மாற்றலாம். கருகிய நுனிகள் மீண்டும் பச்சையாகா. அவற்றைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சாடி மாற்றிய பின் வரும் இரண்டாவது குருத்தைக் கவனியுங்கள். முதலாவது, பழைய மண்ணில் இருக்கும்போதே தண்டுக்குள் உருவானது என்பதால் வெளிறியே வரலாம். இரண்டாவது குருத்து நரம்புக்கும் இடைப்பகுதிக்கும் வேறுபாடில்லாத ஒரே பச்சையாக விரிந்தால், வேர் புதுக் கலவையைப் பிடித்துக்கொண்டது என்று அறியலாம்.